உத்தியோகம் வரும்வரை

சென்ற தவணை விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது. முற்றத்து வேம்பின் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு ஓர் இளைஞன் வந்தான். என் பழைய மாணாக்கன். வகுப்பில் முன் வாங்கில் அமர்ந்து, வினாவை நான் முடிக்குமுன்னரே கையை உயர்த்துகின்றவன். வணிகத் துறையிற் பட்டம் பெற்று வெளியேறி மூன்றாண்டுகள் ஆகின்றன. கையிலே தடித்த கோப்பு ஒன்றிருந்தது. நலம் விசாரித்த பின் அதனை என் முன்னே வைத்து விரித்தான்.

சான்றிதழ்ப் பிரதிகளுக்குப் பின்னால், பதிவுத் தபாலுக்குரிய பற்றுச்சீட்டுகள் திகதி வரிசையிற் குத்தப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 41.

"சேர், இனி விண்ணப்பம் போடுறதில்லையெண்டு முடிவெடுத்திட்டன்" என்றான்.

பின்னர் மெல்ல மெல்லச் செய்தி வெளிவந்தது. வெளிநாட்டுக்கு ஆட்களை அனுப்பும் முகவர் ஒருவர் பெருந்தொகை கேட்கிறாராம். தாயாரின் சீதனக் காணியை ஈடு வைத்தால் அத்தொகை தேறுமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் விடை கூறவேண்டுமாம். "சேர் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டுவிட்டுத் தலைகுனிந்திருந்தான்.

பிறநாடு செல்வது தவறென்று கூற எனக்கு வாய் வரவில்லை. நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்த 2022ஆம் ஆண்டிலே, தொழில் நாடி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தீவை விட்டுச் சென்றனர். அவர்கள் அனுப்பும் பணத்திலே அடுப்பெரியும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உள்ளன. ஆனால், இவன் போக விரும்பிப் புறப்படுகின்றவன் அல்லன். இங்கே இருக்க வெட்கப்பட்டுப் புறப்படுகின்றான் என்பதை அவன் குனிந்த தலை எனக்குக் காட்டிற்று. வெட்கத்தின் பொருட்டுத் தாயின் காணியை ஈடு வைப்பது பெரிய விலை அன்றோ?

நான் விடை கூறவில்லை. மனைவியை அழைத்து, அலுமாரியின் அடித்தட்டில் இருக்கும் பழைய பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அதனைத் திறந்து அவன் கையிற் கொடுத்தேன். உள்ளே மஞ்சளேறிய பற்றுச்சீட்டுகள் இருந்தன. அவை 27. அன்று அவனுக்குக் கூறிய கதையையே இன்று இவ்வேட்டின் வாசகர்களுக்கும் கூறுகின்றேன். வேலை தேடி அலுத்துப்போன பிள்ளை ஒன்று இல்லாத வீடு இன்று எங்கள் ஊர்களில் அரிது.

நான் கலைப் பட்டதாரியாகப் பல்கலைக்கழகத்தை விட்டு வந்தது 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதியில். எங்கள் குடும்பத்தில் முதற் பட்டதாரி நானே. தந்தையார் வெங்காயமும் புகையிலையும் செய்கைபண்ணும் தோட்டக்காரர். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்" என்ற பழமொழியை வேதவாக்காகக் கொண்ட ஊர் எங்களுடையது. எனவே, மாலையும் கழுத்துமாக நான் நின்ற பட்டமளிப்புப் படம் சுவரில் ஏறிய அன்றே, எந்தக் கந்தோரில் எனக்குக் கதிரை என்ற கேள்வியும் ஊரிலே தொடங்கிவிட்டது.

அவ்வாண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையிற் போர் மூண்டது; ஏ-9 பாதை மூடப்பட்டது. குடாநாடு நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. அரிசியும் மாவும் கப்பல் வழியே வந்தன. பங்கீட்டு அட்டையோடு கூட்டுறவுச் சங்கக் கடை வாயிலில் விடியுமுன்னரே வரிசை நீண்டது. தாள் தட்டுப்பாட்டினால் நாளிதழ்கள் பக்கங்களைச் சுருக்கிக்கொண்டன. தோட்டத்து வெங்காயம் கொழும்புச் சந்தைக்குப் போக வழியில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் அரச வர்த்தமானி எங்கள் ஊர் வாசிகசாலைக்கு வந்து சேர்கையில், சில பதவிகளின் முடிவுத் திகதி கடந்துபோயிருக்கும்.

இச்சூழலில் எனக்கு வேலை கிடையாதது வியப்பன்று. ஆனால், அதனை என் மனம் ஏற்கவில்லை. கோவில் வாயிலிலும் கலியாண வீட்டிலும், "இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ, தம்பி?" என்று உறவினர் கேட்டனர். அன்போடு கேட்டவர்களும் உளர்; கேட்பதற்காகவே கேட்டவர்களும் உளர். எனக்கு இரண்டும் ஒன்றாகவே சுட்டன. முன்வீதியை விட்டுப் பின்னொழுங்கையாற் கோவிலுக்குப் போகத் தொடங்கினேன். பின்னர் கோவிலுக்குப் போவதையும் விட்டேன். காலை ஒன்பது மணிக்கு எழுந்தேன். பகலில் உறங்கினேன், இரவில் விழித்திருந்தேன்.

ஒன்றை இன்றும் எண்ணி நாணுகின்றேன். மண்ணெண்ணெய் கிடையாத நாள்களில் நீரிறைக்கும் இயந்திரம் ஓடாது. தந்தையார் விடியற்புறத்தில் எழுந்து, வாளியால் நீரள்ளித் தறைகளுக்கு ஊற்றுவார். கிணற்றுக்குள் வாளி மோதும் ஓசை என் அறைக்குள் கேட்கும். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கிடப்பேன். பட்டதாரி வாளி பிடிப்பதா என்ற செருக்கு ஒருபுறம். தந்தையின் முகத்தைப் பார்க்க முடியாத கூச்சம் மறுபுறம். செருக்கும் கூச்சமும் ஒரே போர்வைக்குள் கிடந்தன.

எங்கள் சனசமூக நிலையத்தின் தலைவராக அப்போது ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் என்னை வீதியில் மறித்தார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. சாதாரண தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க ஊரில் ஒருவரும் இல்லை என்றார். நான் கலைப் பட்டதாரி என்று நினைவூட்டினேன். அவர் அதனைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "காலமை ஆறு மணிக்கு ஏழு பிள்ளையள் வருவினம். நீர் வராட்டில் திண்ணையில இருப்பினம். அவ்வளவுதான்" என்று கூறிவிட்டுச் சென்றார்.

அரைமனத்தோடு போனேன். நான்கு நாள்கள் சென்றன. ஐந்தாம் நாள் வழக்கம்போல உறங்கிவிட்டேன். ஏழரை மணியளவில் கடைக்குப் போகும் வழியிலே நிலையத்தைப் பார்த்தேன். பிள்ளைகள் அப்போதுதான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒரு சிறுமி, "சேர் வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்" என்றாள். குறை கூறும் குரல் அன்று அது. இருந்ததை இருந்தபடி சொன்னாள். ஊரார் ஓராண்டாகக் கேட்ட கேள்விகளெல்லாம் செய்யாததை அவ்வொரு சொல் செய்தது. ஒன்றரை மணி நேரமாக ஏழு பேர் இவ்வுலகில் எனக்காகக் காத்திருந்திருக்கின்றனர். நானோ, எனக்காக ஒருவரும் இல்லையென்று எண்ணிக்கொண்டு போர்வைக்குள்ளே கிடந்தேன்!

அதன் பின்னர் நான் ஒருநாளும் தவறவில்லை. காலை ஆறு மணி என்ற ஒன்று ஊன்றப்பட்டதும், நாளின் மற்றப் பகுதிகளும் தாமாகவே ஒழுங்கிற்கு வந்தன. பள்ளியில் விட்டுவந்த கணிதத்தை மறுநாட் பாடத்துக்காக இரவிலே குப்பி விளக்கில் மீண்டும் படிக்கவேண்டியிருந்தது. ஆகவே இரவு வீணாகவில்லை. விடியலில் எழ வேண்டியிருந்தது. ஆகவே பகலுறக்கம் ஒழிந்தது. வகுப்பு முடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். நான் முதன்முறை வாளிக் கயிற்றைப் பற்றிய அன்று தந்தையார் வியப்பேதும் காட்டவில்லை. "மெதுவா இழு, தம்பி. கயிறு கையை வெட்டிப்போடும்" என்றார். அவ்வளவே.

விண்ணப்பம் அனுப்புவதையும் ஒரு தொழில்போலச் செய்யப் பழகினேன். வர்த்தமானி வந்த அன்றே வாசித்து, எனக்குரிய பதவிகளையும் முடிவுத் திகதிகளையும் ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்வேன். சனிக்கிழமை எழுதுவேன். கிராம அலுவலரின் நற்சான்று, சமாதான நீதவான் அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் ஆகியவற்றை முன்கூட்டியே மூன்று நான்காகத் தயாராக வைத்திருப்பேன். கடித உறையின் இடப்பக்க மேல்மூலையிற் பதவியின் பெயரை எழுதவேண்டும் என்பார்கள். அதை மறந்து ஒரு விண்ணப்பத்தை இழந்த பின்னர், உறையை முதலில் எழுதிவிட்டே உள்ளடக்கத்தைத் தொடங்கினேன். திங்கட்கிழமை தபாற்கந்தோர். பற்றுச்சீட்டைத் தகரத்திற் போட்டபின் அந்த விண்ணப்பத்தைப் பற்றி எண்ணுவதில்லை என்று ஒரு விதியும் வகுத்துக்கொண்டேன். அனுப்புவது என் வேலை. அழைப்பது அவர்கள் வேலை.

இதனால் துன்பம் இல்லாமற் போயிற்று என்று எவரும் கருதவேண்டாம். ஒருமுறை ஒரு கந்தோரில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தனர். கடன்வாங்கிய சப்பாத்தோடு போனேன். மூன்று மணிநேரம் காத்திருந்தேன். மூன்று நிமிடத்தில் அனுப்பிவிட்டனர். பெயர்ப்பட்டியல் முன்னரே ஆயத்தமாயிருந்தது என்று பின்னர் ஒருவர் கூறினார். அது மெய்யோ பொய்யோ, அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. இனி இவ்வூரில் எதற்கும் முயல்வதில்லை என்று உறுதியெடுத்தேன். ஆனால், மறுநாட் காலை ஆறு மணிக்கு ஏழு பிள்ளைகள் திண்ணையில் இருப்பார்களே! அவர்களுக்கு என் நேர்முகத் தேர்வு பற்றி என்ன தெரியும்? பின்னங்களைக் கூட்டுவதில் அவர்களுக்கு ஐயம் இருந்தது. எழுந்து போனேன். ஏழு மணிக்குத் திரும்பி வருகையில், இரவு எடுத்த உறுதி எங்கோ உதிர்ந்துபோயிருந்தது.

பல்லாண்டுகளின் பின்னர், கல்வியியல் டிப்ளோமாப் பயின்ற காலத்தில் ஒரு நூலைப் பற்றி அறிந்தேன். ஒஸ்திரியா நாட்டிலே, வியன்னா நகருக்கு அண்மையில் மரியந்தால் என்றொரு சிற்றூர் உண்டு. நெசவாலை ஒன்றையே நம்பி வாழ்ந்த ஊர் அது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது ஆலை மூடப்பட்டது. ஊர் முழுவதும் வேலையிழந்தது. மரி ஜகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய ஆய்வாளர்கள் அங்கு சென்று மக்களின் அன்றாட வாழ்வை ஆராய்ந்து, 1933ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர்.

அவர்கள் கண்டவற்றுள் இரண்டு என் நெஞ்சில் ஆழப் பதிந்தன. ஒன்று, நூலகம் பற்றியது. நேரம் மிகுந்தவர்கள் மிகுதியாகப் படிப்பார்கள் என்று எவரும் எண்ணுவர். அங்கோ, இரண்டாண்டுகளில் இரவல் எடுக்கப்பட்ட நூல்களின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. மற்றையது, நடை பற்றியது. தெருவிற் செல்வோரை ஆய்வாளர் கணித்துப் பார்த்தனர். ஆண்கள் மெல்ல நடந்தனர், அடிக்கடி நின்றனர், பலர் கைக்கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டனர். பெண்களோ விரைந்து நடந்தனர். பெண்களும் ஆலையில் வேலையிழந்தவர்களே. ஆனால், அவர்களுக்கு வீட்டிலே உலை காத்திருந்தது, குழந்தை காத்திருந்தது. ஆண்களுக்காக எதுவும் காத்திருக்கவில்லை.

இதனை அறிந்தபோது, ஒன்பது மணிவரை நான் போர்வைக்குள்ளே கிடந்த காரணம் எனக்குப் புலப்பட்டது. அது சோம்பலன்று. நாளுக்குக் கரை இல்லாமற் போனதே காரணம். கரையில்லாத நீர் ஓடாது, தேங்கும்.

இனி நம் நாட்டு நூலுக்கு வருவோம். திருக்குறளின் அதிகார வரிசையைச் சற்று நோக்குங்கள். 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. 61 மடியின்மை. 62 ஆள்வினையுடைமை. 63 இடுக்கணழியாமை. அடுத்து வருவது என்ன? 64ஆம் அதிகாரம் அமைச்சு! அரசனுக்குரிய பண்புகளை முடித்து அமைச்சனுக்குச் செல்லும் இடம் அது என்பது தமிழ் கற்றோர் அறிந்ததே. ஆயினும், வேலையற்றிருந்த எனக்கு அவ்வரிசை வேறொரு பொருளையும் தந்தது. மனவெழுச்சி முதலில் வருகிறது. சோம்பலை ஓட்டுதல் அடுத்து வருகிறது. விடாமுயற்சி அதனையடுத்து வருகிறது. இவை மூன்றும் இருந்தும் காரியம் கைகூடாத ஒரு காலமும் உண்டு. அக்காலத்தைத் தாங்குவதே நாலாவது. உத்தியோகத்தின் வாயிலை ஒட்டி நிற்பது அதுவே. முதல் மூன்றையும் உடைய இளைஞர் எங்களிடையே ஏராளம். நாலாவதன் முன்னேதான் பலர் திரும்பிவிடுகின்றனர்.

நியமனக் கடிதம் எனக்கு வந்தது 2010ஆம் ஆண்டில். அஃது என் முயற்சியால் மட்டும் வந்தது என்று கூறுவேனாயின் அது பொய். 2009இற் போர் முடிந்தது, பின்னர் பாதை திறந்தது, வெற்றிடங்கள் நிரப்பப்பட்டன. என்னைவிடத் திறமையுடைய சிலர் அதுவரை பிழைத்திருக்கவே இல்லை. ஆனால், ஒன்றை உறுதியாகக் கூறுவேன். நேர்முகத் தேர்விலே, கரும்பலகையின் முன் நின்று ஒரு பாடத்தை நடத்திக் காட்டுமாறு கேட்டனர். என் கை நடுங்கவில்லை. ஆண்டுக்கணக்காக விடியற்காலையில் நான் செய்துவந்தது அதுதானே! அந்த எழுவரில் ஐவர் முதல் ஆண்டே கணிதத்திற் சித்தியெய்தினர். அவர்களுக்குப் பின் வேறு பிள்ளைகள் வந்தனர். நான் அவர்களுக்குக் கணிதம் கற்பித்தேன் என்று ஊர் கூறுகிறது. அவர்கள் என்னை ஆசிரியன் ஆக்கினார்கள் என்பதை நான் அறிவேன்.

பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு. அந்நான்கு ஆண்டுகளில் என் தாயார் ஒருநாளாவது, "கடிதம் வந்ததோ?" என்று என்னைக் கேட்டதில்லை. தபாற்காரர் வந்து போனபின், கடிதம் இருந்தால் மேசையில் வைப்பார். இல்லாவிட்டால் தேநீரை வைப்பார். வேலை தேடும் பிள்ளைக்குத் தன் நிலை தெரியும். அதனை நாள்தோறும் நாம் நினைவூட்டவேண்டியதில்லை. மாறாக, வீட்டிலே அவனை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள். அவன் செய்யாவிட்டால் நடவாத ஒன்றாக அஃது இருக்கட்டும்.

ஊக்கம் என்ற சொல்லைக் காட்டி ஆள்வோரின் கடமையை மறைக்கவும் கூடாது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னே வேலையற்ற பட்டதாரிகள் பந்தலிட்டு அமர்ந்தனர். வெயிலிலும் புழுதியிலும் மாதக்கணக்காக இருந்தனர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். படிக்கவைத்த நாடு, படித்தவனுக்கு வழியும் வகுக்கவேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால், அவ்வழி திறக்குமளவும் ஒருவனுடைய காலைப்பொழுது அவனுடையதே. அதனைப் பிறர் கையிற் கொடுத்துவிடலாகாது.

இவ்வளவையும் கேட்ட என் மாணாக்கன் நெடுநேரம் பேசாதிருந்தான். தேநீர் ஆறிப்போயிற்று. நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நாளைக்குக் காலமை உன்னை ஆர் பாத்துக்கொண்டிருப்பினம்?"

சிறிது யோசித்தான். "ஒருத்தருமில்லை, சேர்" என்றான். அவன் கண் கலங்கியதை நான் பார்க்காதவன்போல விடைத்தாள்களை எடுத்து அடுக்கினேன்.

அதே சனசமூக நிலையம் இன்னும் இருக்கிறது. கூரை மாற்றியிருக்கிறார்கள், திண்ணை பழையதே. உயர்தர வகுப்பிற் கணக்கீடு படிக்கும் பிள்ளைகள் நால்வர், தனியார் வகுப்புக்குப் பணம் கட்ட இயலாமல் ஊரிலே இருக்கின்றனர். அந்த முதிய அதிபர் இன்று இல்லை. ஆகவே அவர் சொல்லவேண்டியதை நான் சொன்னேன். "ஆறு மணிக்கு நாலு பிள்ளையள் வருவினம்" என்றேன். மிகுதியை அவன் விளங்கிக்கொண்டான்.

முகவருக்கு என்ன விடை கூறவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அஃது அவனும் அவன் பெற்றோரும் ஆராய்ந்து முடிவெடுக்கவேண்டியது. காணியை ஈடு வைக்கும் பேச்சை ஆறு மாதத்துக்கு ஒத்திவைத்திருக்கின்றார்கள் என்று பின்னர் அறிந்தேன். ஆறு மாதத்தின் பின் அவன் போகவும் கூடும். போனால், தலைநிமிர்ந்து போவான். அதுவே எனக்குப் போதும்.

அவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. சென்ற திங்கட்கிழமை காலை, பாடசாலைக்குப் போகும் வழியில் அவனைக் கண்டேன். கையிலும் காற்சட்டையிலும் வெண்கட்டித் தூள். வகுப்பை முடித்துவிட்டுத் தபாற்கந்தோருக்குப் போய்க்கொண்டிருந்தான். உறையின் இடப்பக்க மேல்மூலையிற் பதவியின் பெயர் எழுதியிருக்கின்றதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே உறையை உயர்த்திக் காட்டினான். அஃது அவனுடைய 44ஆவது விண்ணப்பம். நேரமாகிவிட்டது என்று கூறி விரைந்து நடந்தான். நான் அவன் நடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.